வாய்க்காலுக்குள் இறங்கிய இருபத்தோரு பேர்

என் தம்பியின் கைபிடித்து இந்த வீட்டுக்கு வந்து, எனக்குக் கூடப்பிறந்தவள் போலவே ஆகிவிட்ட வேலம்மாவுக்கு, உன் மதினி பேச்சி எழுதிக்கொள்வது.

நீ போய் நாளையோடு ஒரு வருஷம் ஆகிறது. நாளைக்கு உனக்குப் படையல். இலை போட்டு, உனக்குப் பிடித்த மொச்சைக் குழம்பு வைத்து, எல்லாரும் கூடி உட்காரும்போது நான் எழுந்து நின்று இந்தக் கடிதத்தை வாசிக்க வேண்டும் என்று நம்மோடு நடவுக்கு வருகிற நாகம்மா சொல்லிவிட்டாள். "செத்தவளுக்குக் கடிதாசி எழுதுறதா?" என்று உன் வீட்டுக்காரன் கேட்டான். "அவளுக்கு எழுதுனா நமக்கும் கேக்கும்ல" என்றாள் அவள். அதனால் எழுதுகிறேன். உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் இதில் சொல்லுவேன். கோபித்துக்கொள்ளாதே. தெருவுக்குப் புதிதாக வாழ வந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் விளங்க வேண்டும் அல்லவா?

எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும். முப்பத்தெட்டு வயதில் சிலேட்டுப் பலகையைப் பிடித்த கை இது. பிடிக்க வைத்தவள் நீ.

நான் இந்த வீட்டுக்குத் திரும்பி வந்த நாளை நினைத்துப் பார்க்கிறேன். மலை மேல் ஏலத்தோட்டத்தில் என் புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். பிள்ளையும் இல்லை. ஒரு சாக்குப் பையோடு மலையிறங்கி அப்பா வீட்டு வாசலில் வந்து நின்றேன். நீ அப்போது கல்யாணமாகி வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, "கஞ்சி குடிங்க மதினி" என்றாய். வேறு எதுவும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் நாலைந்து வருஷம் நான் யாரிடமும் அதிகமாகப் பேசியதில்லை. ஆம்பளை ஆள் எதிரே வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்வேன். "பேருல மட்டுந்தான் பேச்சு இருக்கு" என்று நீ சிரிப்பாய். சர்க்காரின் தொழிலாளர் இலாகாக்காரர்கள் நம் தெருவில் பள்ளிக்கூடம் வைத்தபோது, வாத்தியாரின் சம்சாரம் மத்தியானத்தில் பெண்களுக்கும் எழுத்துச் சொல்லித் தருவதாகச் சொன்னாள். நீ நேராக என்னிடம் வந்தாய்.

"நம்மள்ல ஒருத்தருக்காவது எழுத்து தெரியணும். எனக்கு மண்டையில ஏறாது. நீங்க போங்க மதினி."

"நானா? இந்த வயசுலயா?"

"நீங்கதான் வாயத் தொறக்கவே மாட்டேங்கிறீக. கையாவது பேசட்டும்."

அன்றைக்கு எனக்கு உன் மேல் கோபம்தான் வந்தது. என்னைவிடப் பத்து வயது இளையவள், என்னை எங்கே போ, எதைச் செய் என்று சொல்கிறாளே என்று. ஆனாலும் போனேன். ஏன் போனேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

நடவுக்குப் போகிற நம் கூட்டத்தில் உன்னையும் சேர்த்து இருபத்திரண்டு பேர். உன் கை வேகம் பார்த்து எல்லாரும் உன்னைத்தான் முன்னால் நிறுத்தினார்கள். நம் பக்கத்தில் பெரியாற்றுத் தண்ணீர் வந்து இருபோகம் விளைகிற வயல்கள். ஒரு போகம் அறுத்து மூச்சு விடுவதற்குள் அடுத்த நாற்று தயாராகிவிடும். வருஷத்தில் பாதி நாள் சேற்றில்தான் நிற்போம். ஆனால் குடிக்கத் தண்ணீர் கிடையாது. வாய்க்காலில் மாடு குளிப்பாட்டுகிற அதே தண்ணீரைக் கையால் அள்ளிக் குடிப்போம். வயிற்றுப்போக்கு வந்து படுக்காத வீடு இல்லை.

ஊரில் பெரிய நிலக்காரரான மச்சுவீட்டுக்காரர் வயலில் நட்டுக்கொண்டிருந்த ஒருநாள் நீ சொன்னாய், இன்றைக்குக் குடிதண்ணீர் கேட்பது என்று. எல்லாரும் உன்னைப் பார்த்தோம். நீ நாகம்மாவைக் காட்டினாய்.

நாகம்மா நிமிர்ந்தாள். நாற்றுமுடியைக் கீழே வைக்காமலே வரப்பு வரைக்கும் போனாள். "சாமி, தண்ணி வேணும். குடத்துல" என்றாள். அவ்வளவுதான். திரும்பி ஓடி வந்துவிட்டாள். மறுநாள் காலையில் வரப்பு ஓரத்தில், நமக்கென்று தனியாக ஒரு மண்குடம் இருந்தது. நாகம்மா அன்றைக்கு நாலு செம்பு தண்ணீர் குடித்தாள். தாகத்துக்குக் குடித்த மாதிரி எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் உன்னிடம் கேட்டேன். "நீ கேட்டிருந்தா இன்னும் நல்லாக் கேட்டிருப்பேல?"

"கேட்டிருப்பேன். நானே கேட்டுக்கிட்டிருந்தா, நான் படுத்துட்டா இந்தத் தெருவுக்கு வாய் இருக்காதே மதினி."

எப்போதும் போல நடந்துகொண்டேதான் அதைச் சொன்னாய். அப்புறம் ஒவ்வொரு காரியத்துக்கும் ஒவ்வொருத்தி என்று முறை வைத்தாய். குழந்தை பெற்றவள் பதினைந்து நாளில் வயலுக்கு வர முடியாது என்று சொல்ல ஒருத்தி. காய்ச்சல்காரிக்கு வெயில் வேலை வேண்டாம் என்று சொல்ல ஒருத்தி. என் முறை வரும்போதெல்லாம் நான் உன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். நீ என்னைத் தள்ளியதில்லை. அடுத்த முறை என்று விட்டுவிடுவாய்.

பிறகு அப்பா செத்துப்போனார். இரண்டாம் போகம் கதிர் வாங்கி நின்ற மாசி மாதம். நம் தெருவுக்கும் ஆற்றங்கரை மயானத்துக்கும் நடுவில் முழுக்க வயல். வரப்பில் பாடை போகக் கூடாது, கதிர் உதிரும், தீட்டு என்று ஊருக்குள் சொல்லிவிடுவார்கள். அதனால் நம் பிணங்கள் எப்போதும் வாய்க்காலுக்குள்தான் போகும். இடுப்பளவு தண்ணீரில் நாலு பேர் தோளில் வைத்துத் தூக்கிப் போக வேண்டும். மடையைத் தாண்டினால் இருபது எட்டு தூரத்துக்குப் பள்ளம், தண்ணீர் மார்பு வரைக்கும் வரும்.

அந்தப் பள்ளத்தில் முன்னால் தூக்கியவனுக்குக் கால் வழுக்கிவிட்டது. தெருமுனையில் நின்ற பெண்கள் எல்லாரும் பார்த்தோம். பாடை சாய்ந்து அப்பா தண்ணீருக்குள் விழுந்தார். மூடியிருந்த கோடித் துணி தனியாக மிதந்து போனது. என் தம்பி மூழ்கி மூழ்கி அப்பாவைத் தேடினான். நான் சத்தம் போட்டு அழக்கூட இல்லை, வேலம்மா. நீ என் கையைப் பிடித்திருந்தாய். உன் நகம் பட்ட தடம் இரண்டு நாள் இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பாத்திரம் கழுவும்போது கேட்டாய்.

"மாமா தண்ணிக்குள்ள விழுந்ததப் பாத்தீக. அதுக்கு என்ன செய்யப் போறோம் மதினி?"

என்ன செய்யப் போகிறாய் என்று நான்தான் உன்னைக் கேட்டிருக்க வேண்டும். நீ 'போறோம்' என்றாய்.

தெருக்கூட்டத்தில் வீரணன் சின்னையா எழுந்தார். தெருவில் மூத்தவர் அவர்தான். "நாலு தலமொறையா வாய்க்கால்லதான் போறோம். பாதை வேணும்னு கேட்டா நாளைக்கு ஒருத்தனுக்கும் வயல் வேலை இருக்காது. அதையும் யோசிக்கணும்" என்றார். இளவட்டங்கள் முணுமுணுத்தார்கள். அவரை நீ எதிர்த்துப் பேசப் போகிறாய் என்று நினைத்தேன்.

"சின்னையா சொல்றது சரிதேன்" என்றாய் நீ. "வேலை நிக்கத்தான் செய்யும். நின்னா என்ன பண்ணலாம்னு சின்னையாவே யோசிச்சுச் சொல்லட்டும். அவுகளுக்குத்தான் வெளியூர்ல ஆள் பழக்கம்."

அந்த மனிதர் பத்து நாள் கம்பை ஊன்றிக்கொண்டு அலைந்தார். பெரியகுளத்து மாந்தோப்புகளில் காய் பறிக்கவும் கூடை சுமக்கவும் ஆண்களைச் சேர்த்துக்கொள்ள ஏற்பாடு செய்துவிட்டு வந்தார். வேண்டாம் என்று சொன்னவர்தான் அதற்கப்புறம் எல்லாருக்கும் முன்னால் நின்றார். இதை நீ எங்கே கற்றுக்கொண்டாய்? உன்னைக் கேட்க வேண்டும் என்று எத்தனையோ முறை நினைத்துக் கேட்காமல் விட்டது இது ஒன்று.

அடுத்தது சடையாண்டி அண்ணன். நம் தெருவிலிருந்து ஊர்த் தோட்டி வேலை பார்த்தவர். கணக்குப்பிள்ளை நிலம் அளக்கப் போனால் அளவுச் சங்கிலியின் மறுமுனையைப் பிடிப்பது அவர்தான். ஒருநாள் நம் வீட்டு அடுப்படிக்கு வந்து, வெளியே ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"கிராமப் படத்துல வண்டிப்பாதை ஒண்ணு இருக்கு தாயி. நம்ம தெருமுனைக் கல்லுல ஆரம்பிச்சு ஆத்தங்கரைக் கல்லு வரைக்கும். சர்க்கார் பொறம்போக்கு. வருஷா வருஷம் வரப்பத் தள்ளித் தள்ளி அது மேலயே இப்ப நெல்லு வெளையுது."

"இத நீங்க தாசில்தார் முன்னால சொல்லணும் அண்ணே."

"என் வேலை போயிரும்."

"போகும்" என்றாய் நீ. நான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன். "போகாதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். வீட்டுலயும் கேட்டுக்கங்க. நீங்க சொல்லாட்டியும் உங்க மேல ஒரு வருத்தமும் இல்ல."

அவர் எழுந்து போனார்.

பெரியகுளம் தாசில்தார் வந்து உத்தமபாளையத்தில் ஊர்க்கணக்குப் பார்க்கிற ஜமாபந்தி நடந்தபோது மனு கொடுக்க ஏழு பேர் போனோம். மனு என் கையெழுத்து. 'கனம் பொருந்திய தாசில்தார் அவர்கள் சமூகத்துக்கு' என்ற ஒரு வரியை மட்டும் வாத்தியார் சொல்லித் தந்தார். மற்றதெல்லாம் நாமே கூடி உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அப்பா தண்ணீரில் விழுந்ததை எழுதும்போது பேனா மை சொட்டி ஒரு இடம் கெட்டுப்போனது. "இருக்கட்டும், அவுகளும் பாக்கட்டும்" என்றாய். பயிர் நட்டு முடிந்ததும் நேரில் வந்து பார்வையிடுவதாக அங்கே சொல்லி அனுப்பினார்கள்.

வீரணன் சின்னையா சொன்னபடியே நடந்தது. அந்த வாரமே நமக்கு நடவு வேலை நின்றது. கோம்பைப் பக்கத்து மானாவாரிக் காட்டு ஊர்களிலிருந்து வேறொரு கூட்டத்தை வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். நம் வயல்களில் வேறு கைகள் நாற்று நடுவதைத் தெருமுனையில் நின்று பார்ப்பது எவ்வளவு கஷ்டமாக இருந்தது. நாகம்மாவின் புருஷன் கல்லை எடுத்தான். நீ அவன் கையைப் பிடிக்கவில்லை. என்னைப் பார்த்தாய்.

"மதினி, நீங்க போயி அந்தப் பொம்பளைககிட்டப் பேசுறீகளா?"

பின்னால் போய் ஒளிந்துகொள்ள அன்றைக்கு உன் முதுகு இல்லை. நீ உட்கார்ந்திருந்தாய். உனக்குக் காய்ச்சல் ஆரம்பித்திருந்தது. நீ அதை எங்களிடம் சொல்லவில்லை.

நாகம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர்கள் வரப்பில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். கூட்டத்துக்கு மூத்தவள், என் வயதுதான் இருக்கும், என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "யாரு அனுப்புனா உன்னய?" என்றாள்.

"யாரும் அனுப்பல. எங்கப்பா செத்தப்ப இந்த வாய்க்காலுக்குள்ளதான் விழுந்தாரு. அங்கன, அந்த மடைக்கிட்ட. அதச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

அவள் மடையைப் பார்த்தாள். "எங்க புள்ளைகளும் கஞ்சி குடிக்கணும்ல ஆத்தா" என்றாள். "குடிக்கணும்" என்றேன். திரும்பி வந்துவிட்டேன். காரியத்தைக் கெடுத்துவிட்டேன் என்றுதான் உன்னிடம் சொன்னேன். அவர்கள் பிடித்த வயலை மறுநாள் முடித்துவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் அவர்களை ஏற்றிவரப் போன வண்டி வெறுமையாகத் திரும்பி வந்தது. நீ பாயில் படுத்தபடி சிரித்தாய். மூன்று நாள் பொறுத்து நம்மையே நடவுக்குக் கூப்பிட்டார்கள்.

அதற்கு முன், நீ படுப்பதற்கும் முந்தி, வேலையில்லாமல் இருந்த நாட்களில் நீ ஆடிய கூத்தை மறக்க முடியுமா? புளியமரத்தடியில் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, உரலைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்து, நீதான் தாசில்தார். ஒவ்வொருவராக உன் முன்னால் வந்து நிற்க வேண்டும். "எனக்கு நேரமில்ல. சுருக்கச் சொல்லு" என்று அதட்டுவாய். நாகம்மா சிரித்துவிடுவாள். "இங்கன சிரி. அங்கன சிரிக்காத" என்பாய். எத்தனை பேர் இந்த வாய்க்காலில் போனார்கள், எத்தனை பாடை விழுந்தது, எந்த மாதத்தில் எவ்வளவு ஆழம் என்று ஒரு ஆளுக்கு ஒரு சங்கதி. அவரவர் சங்கதியை அவரவர் மட்டும்தான் சொல்ல வேண்டும். சடையாண்டி அண்ணன் தூரத்தில் நின்று பார்ப்பார். கிட்டே வரமாட்டார்.

தாசில்தார் வருவதாகச் சொன்ன நாளுக்கு நாலு நாள் முன்னால், காலையில், நீ போய்விட்டாய்.

காய்ச்சல்தான். இந்தப் பள்ளத்தாக்கில் ஆடி மாதக் காய்ச்சல் எத்தனை பேரைக் கொண்டுபோயிருக்கிறது. குளிர் எடுத்து உன் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. உத்தமபாளையத்து ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டலாம் என்று தம்பி ஓடினான். வண்டி வருமுன்னே முடிந்துவிட்டது. உன் மகள் செல்லத்தை உன் பக்கத்தில் படுக்க வைத்திருந்தேன். நீ தூங்குகிறாய் என்றே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குத் தெரு எப்படி இருந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டும். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. பாடை கட்டி முடித்தாயிற்று. வாய்க்கால் நிறையத் தண்ணீர். வரப்பில் மச்சுவீட்டு ஆள் ஒருவன் காவல் நின்றான். நாகம்மாவின் புருஷனும் இன்னும் நாலு பேரும், "வேலம்மாவயும் தண்ணிக்குள்ள போடணுமா? வயல்ல எறங்கிப் போவோம், எவன் தடுக்கான்னு பாப்போம்" என்று கிளம்பினார்கள்.

நாகம்மாதான் குறுக்கே நின்றாள். "இன்னைக்குப் பயிர மிதிச்சா தாசில்தாருக்கு முன்னால போலீசு வந்துரும். அப்பறம் மனுவு என்னாகும்?"

"அப்ப வாய்க்கால்ல விழட்டும்ங்கிறியா?"

எல்லாரும் அவரவர் இடத்தில் நின்றார்கள். அப்போது என் வாயிலிருந்து வந்தது. எங்கிருந்து வந்தது என்று கேட்காதே.

"பள்ளத்துல தூக்கிட்டு நடக்க வேணாம். ரெண்டு வரிசையா தண்ணிக்குள்ள நிப்போம். கை மாத்திக் கை மாத்திக் கொண்டுபோவோம். கால் நகராட்டி எப்படி வழுக்கும்? நடவுக்காரிக எறங்குறோம். சேத்துல நிக்கிறது எங்களுக்குப் புதுசா?"

வீரணன் சின்னையா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "பொம்பளைக பாடையோட தெருமுனை தாண்டி வாற வழக்கம் இல்லயே ஆத்தா."

"மயானத்துக்கு வரல சின்னையா. வாய்க்கால் வரைக்கும் வாறோம். தெனமும் நாத்துக் கழுவுற எடந்தான்."

அவர் கம்பைச் சுவரில் சாத்தினார். "அப்ப நானும் எறங்குறேன்" என்றார். நாங்கள்தான் அவரைக் கரையில் நிறுத்தினோம்.

இருபத்தோரு பேர் இறங்கினோம். மடைக்குக் கிழக்கே அந்தப் பள்ளத்தில், எதிரெதிராக, கால்விரலைச் சேற்றில் ஊன்றிக்கொண்டு நின்றோம். குட்டையானவர்களுக்குத் தண்ணீர் கழுத்து வரைக்கும் வந்தது. ஆண்கள் பாடையைக் கொண்டுவந்து எங்கள் கையில் வைத்தார்கள். நீ கனக்கவே இல்லை. நாகம்மா கையிலிருந்து என் கைக்கு வந்து, என் கையிலிருந்து அடுத்தவள் கைக்குப் போனாய். பின்னால் கை ஓய்ந்தவர்கள் கரையேறி முன்னால் ஓடி வந்து மறுபடி இறங்கினார்கள். யாரும் ஒப்பாரி வைக்கவில்லை. தண்ணீர் சத்தம் மட்டும் கேட்டது. உன் மேல் போர்த்திய துணியின் ஓரம்கூட நனையவில்லை. அந்தப் பக்கத்தில் ஆண்கள் வாங்கிக்கொண்ட பிறகுதான் நான் அழுதேன். வரப்பில் காவல் நின்றவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

நாலாம் நாள் தாசில்தார் வந்தார். கணக்குப்பிள்ளை படத்தைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். சங்கிலியோடு சடையாண்டி அண்ணன் அவருக்குப் பின்னால். மச்சுவீட்டுக்காரரும் இன்னும் சிலரும் குடை பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

"உங்களுக்குத் தலைவர் யாரு?" என்றார் தாசில்தார்.

"ஒருத்தி இருந்தா சாமி. செத்து நாலு நாள் ஆச்சு" என்றாள் நாகம்மா.

"அப்ப நான் யாருகிட்டக் கேக்குறது?"

"எத வேணும்னாலும் கேளுங்க. அதுக்கு உள்ள ஆளு பதில் சொல்லும்."

அவர் கேட்டார். உன்னளவுக்கு அவர் மிரட்டவில்லை. எத்தனை வீடு என்றார், ஒருத்தி சொன்னாள். எந்த மாதம் எவ்வளவு தண்ணீர் என்றார், ஒருத்தன் நெஞ்சில் கை வைத்துக் காட்டினான். நான் மனுவைப் படித்தேன். மை சொட்டிய இடத்தில் நிறுத்தாமல் படித்தேன். கடைசியில், "இங்கே முன்னால பாதை இருந்ததுக்கு என்ன ஆதாரம்?" என்றார். கணக்குப்பிள்ளை படத்தை விரித்து, கோடு தேய்ந்துவிட்டது, ஒன்றும் தெளிவாக இல்லை என்றார். கல் எந்த இடத்தில் புதைந்திருக்கிறது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அது எங்கள் சங்கதி இல்லை.

"சாமி, நான் சொல்லலாமா?" என்றது பின்னால் ஒரு குரல்.

"நீ சங்கிலியப் பிடி" என்றார் கணக்குப்பிள்ளை.

"அதத்தான் சொல்றேன் சாமி. தெருமுனைக் கல்லுல இருந்து இந்தச் சங்கிலியப் பிடிச்சா, அடுத்த கல்லு எங்கன இருக்குன்னு நான் காட்டுறேன்."

தாசில்தார் தலையசைத்தார். சடையாண்டி அண்ணன் அளந்துகொண்டே போய் மச்சுவீட்டு வயலுக்குள் இறங்கினார். நட்டு முடித்த பயிருக்கு நடுவில் நின்று, "இங்கன" என்றார். கடப்பாரையை விட்டார். முதல் குத்தில் சேறு. இரண்டாவது குத்தும் சேறு. மூன்றாவது குத்தில் கல்லில் இரும்பு பட்ட சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

அறுப்பு முடிந்ததும் அளந்து கல் ஊன்றினார்கள். படத்தில் வண்டிப்பாதை, நிலத்தில் நாலு பேர் தோளோடு தோள் நடக்கிற அகலம்தான் கிடைத்தது. கிடைத்தவரைக்கும் சரி. மார்கழியில் வீரணன் சின்னையா போனார். அந்தப் பாதையில் போன முதல் ஆள் அவர்தான். ஆனால் வாய்க்காலைக் கடக்கிற இடத்தில் பாலம் கட்டித் தருகிறோம் என்றார்கள், இன்னும் கட்டவில்லை. யுத்தம் முடியட்டும் என்கிறார்கள். யுத்தத்துக்கு இரும்பு வேண்டும் என்று போடி ரயில் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனவர்கள், நம் வாய்க்காலுக்கு இரும்பு தருவார்களா?

சடையாண்டி அண்ணன் வேலை போய்விட்டது. நீ சொன்னபடிதான். இப்போது ஏலத்தோட்டத்தில் இருக்கிறார். அவருடைய சம்சாரம் என்னைப் பார்த்தால் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்புக்கு நான் என்ன முகம் காட்டுவது?

தம்பிக்கு வேறு பெண் பார்க்கச் சொல்கிறார்கள். என்னைக் கேட்கிறார்கள். நான் சரி என்று சொல்லட்டுமா, வேலம்மா? செல்லம் இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். "அம்மா கூட்டத்துல என்ன பேசுவா அத்தை?" என்று போன வாரம் கேட்டாள். நான் வெகுநேரம் யோசித்தேன். நீ பெரிதாகப் பேசியதாக ஒன்றுமே எனக்கு நினைவுக்கு வரவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தாசில்தார் வந்து போன பிறகு எனக்குப் பேச்சு ருசித்துவிட்டது. இத்தனை வருஷம் மூடியிருந்த வாய் அல்லவா? அடுத்த மூன்று கூட்டத்திலும் நான்தான் எழுந்தேன். குடிதண்ணீர்க் கிணறு விஷயமாக மணியகாரரிடம் போனபோதும் நானே பேசினேன், மற்றவர்கள் பின்னால் நின்றார்கள். திரும்பும்போது நாகம்மா என் பக்கத்தில் நடந்து வந்தாள்.

"மதினி, நீங்க வேலம்மா மாதிரி ஆகணும்னு பாக்குறீக" என்றாள்.

"அதுல என்ன தப்பு?"

"அவ அப்பிடி இல்லயே."

மூன்று நாள் நான் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போய், கிணற்று விஷயத்தை இனி நீ பார் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் காபி போட்டுக் கொடுத்தாள். வெல்லக் காபி. நன்றாக இல்லை. குடித்தேன்.

இப்போது தெருவுக்கு ராசாத்தி என்று ஒருத்தி வந்திருக்கிறாள். தேவாரத்துப் பெண். உன்னை அவள் பார்த்ததே இல்லை. வாய்த்துடுக்கு. நாற்று முடியைச் சரியாகக் கட்டத் தெரியாது, சொன்னால் கேட்கவும் மாட்டாள். போன கூட்டத்தில் யாரும் கேட்காமலே எழுந்து, "பாலம் கட்டலைன்னா பாதை இருந்து என்னத்துக்கு? பெரியகுளத்துக்கு நான் போறேன்" என்றாள். பாதி பேருக்குப் பிடிக்கவில்லை. எனக்கும்தான் பிடிக்கவில்லை. அடுத்த வாரம் பெரியகுளம் தாலுகா ஆபீசுக்கு அவளையே அனுப்புவது என்று முடிவாகியிருக்கிறது. மனுவை நான் எழுதித் தருகிறேன் என்றேன். "எனக்கு எழுதத் தெரியாது, சொல்லிக் குடுங்க, நானே எழுதுறேன்" என்கிறாள். ஒரு வாரத்தில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது? தன் பெயரை மட்டும் எழுதக் கற்றுக்கொண்டிருக்கிறாள். 'ரா' தலைகீழாக இருக்கிறது.

அவளோடு துணைக்கு நானும் பெரியகுளம் போகிறேன். உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், வேலம்மா, தெரு முழுக்கக் கேட்கவே கொடுக்கிறேன். அந்த ஆபீசுக்குள் நான் அவளுக்குப் பின்னால் உட்காருவேன். அவள் தடுமாறுவாள். சொல்ல வேண்டியதை மறப்பாள், சொல்லக் கூடாததைச் சொல்லுவாள். அதிகாரி என்னைத்தான் பார்ப்பார், வயதானவள், விவரம் தெரிந்தவள் என்று. என் நாக்கு துடிக்கும். நான் வாயைத் திறக்க மாட்டேன்.

என்றும் உன்,
மதினி பேச்சி